கை இருக்கு, கை இல்லை

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் ஷிப்ட் மாறும் நேரம். தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றின் மூன்றாவது கூடத்தில், நான்காம் எண் பிரஸ் இயந்திரம், உள்ளே ஒரு வலது கை இருக்கும்போது இறங்கியது.

கம்பெனியின் விசாரணை ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் தொழிலாளி கையை உள்ளே விட்டுவிட்டான் என்று அறிக்கை எழுதினார்கள்.

மார்ச் முதல் திங்கட்கிழமை, அந்தத் தொழிலாளியின் அக்கா துப்பறியும் அலுவலகத்தின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கார் சீட்டுகளுக்கு உறை வெட்டுகிற வேலை. கட்டைவிரலின் அடியில் கத்தரிக்கோல் போட்ட காய்ப்பு. அழுது முடித்தவளின் முகமாக இல்லை அது. அழுவதை ஒத்திப்போட்டவளின் முகம்.

"எனக்கு நியாயமெல்லாம் வேணாம் மேடம். அவன் கை வேணும்."

"உங்க தம்பி கையா?" என்று கேட்டார் அந்த அலுவலகத்தில் உதவிக்கு இருந்த மாப்பிள்ளை.

"என் தம்பி கையை ஆஸ்பத்திரியிலயே அப்புறப்படுத்திட்டாங்க. அதை எடுத்தவன் கை."

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவருடைய மாமியார். காப்பீட்டுக் கம்பெனியில் காலமெல்லாம் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்தவர். அங்கிருந்து விலகி, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். மருமகன் புரோகிராமர். வேலை போன மறுமாதமே அத்தை கூப்பிட்டு, "வீட்ல உக்காந்து என் பொண்ணு உயிரை எடுக்கறதுக்கு இங்க வந்து என் உயிரை எடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லி ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. திட்டும்போதும் 'நீங்க'தான்.

"யார் கைன்னு முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்று அத்தை கேட்டார்.

"பண்ணிட்டேன். மெஷினுக்குப் புரோகிராம் எழுதற ஆபீஸ்ல சீஃப்னு ஒருத்தன். எல்லாம் அவன் வேலைதான்னு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு நல்ல மனுஷர் சொன்னாரு. தன்னை யாருன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"தெரிஞ்சு போச்சுன்னா எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?"

"தப்பான ஆளை வெட்டிட்டா, சரியான ஆளை வெட்ட என்னை மறுபடி வெளிய விடுவாங்களா?"

அத்தை நோட்டைத் திறந்தார். பிறகு கேட்டார்: "எவ்வளவு நாள் பொறுப்பீங்க?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும். அப்புறம் எனக்குத் தெரிஞ்ச ஆளோட சரி."

*

பிரஸ் கூடத்தில் பேசினால் காதுக்குள் கத்த வேண்டும். வரிசையாக ஆறு இயந்திரங்கள். நான்காம் எண்ணை மட்டும் மஞ்சள் நாடாவால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் இரண்டு விளக்குகள், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. அடியில் தொழிலாளர்களே கையால் எழுதி ஒட்டிய காகிதம். சிவப்புக்குக் கீழே 'கை இருக்கு'. பச்சைக்குக் கீழே 'கை இல்லை'.

"முன்னால கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒண்ணு இருக்கு அத்தை," என்றார் மாப்பிள்ளை. "கை அதைத் தாண்டினா சிவப்பு எரியும். சிவப்பு எரியற வரைக்கும் மெஷின் இறங்காது. பச்சை வந்தா தானா இறங்கும். இவ்வளவுதான் இதுக்குத் தெரிஞ்ச உலக ஞானம்."

"உங்களைவிடத் தேவலை," என்றார் அத்தை. அங்கே அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஐந்தாம் எண் இயந்திரத்தில் நின்ற நரைத்த ஆளிடம் கேட்டார்: "இந்த மெஷினெல்லாம் மக்கர் பண்றதுண்டா?"

"பண்ணும் மேடம். ஷிப்ட் மாறும்போது சில நாள் தானா நின்னுடும். அணைச்சுப் போட்டா சரியாயிடும். என்னோடது போன வாரம்கூட நின்னுச்சு."

"நாலாம் நம்பரும் நிக்குமா?"

"முன்னாடி நிக்கும். போன மழைக்காலத்துல அதுக்கு மட்டும் புதுப் புரோகிராம் ஏத்திப் பாத்தாங்க. அதுலேருந்து ஒரு தடவைகூட நிக்கல. தங்கமான மெஷினாயிடுச்சு. எங்களுக்கெல்லாம் பொறாமை. வர்ற வாரம் எல்லாத்துக்கும் அதையே ஏத்தப் போறாங்களாம்."

அத்தை நன்றி சொல்லிவிட்டு நடந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார்.

"தங்கமான மெஷின்தான் கையை வாங்கியிருக்கு. மக்கர் பண்ற மெஷின் யாரையும் தொடல. விசித்திரமா இல்ல?"

"மாப்பிள்ளை, இருமிக்கிட்டே இருந்த நோயாளி திடீர்னு இருமலை நிறுத்திட்டா சொந்தக்காரங்க என்ன பண்ணுவாங்க?"

"சந்தோஷப்படுவாங்க."

"மூச்சு இருக்கான்னு பாக்கறவன்தான் டாக்டர். வாங்க, அந்தப் புரோகிராம் ஆபீசைப் பாப்போம்."

*

புரோகிராம் அலுவலகம் கூடத்துக்கு மேலே, கண்ணாடி அறையில் இருந்தது. கதவை மூடினால் கீழே நடக்கிற அடி இடி எதுவும் கேட்காது. அங்கே உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இயந்திரம் என்பது ஊமைப்படம்தான்.

சீஃப் ஐம்பதைத் தொட்டவர். மடிப்புக் கலையாத சட்டை. பேசும்போது பார்வை கைப்பேசியில் இருந்தது. அவருடைய ஆட்களில் முக்கியமானவர், எழுதிய புரோகிராமை இயந்திரத்தின் சிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஏற்றுகிறவர். நாற்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாதவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே சாதுதான். விருந்தாளிகளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டதும், தண்ணீர் கொண்டுவந்து வைத்ததும் அவரே.

அவர் டம்ளரோடு உள்ளே வந்தபோது சீஃப் நிமிராமலே கேட்டார்: "என்னப்பா, மூளையை வாசல்ல கழட்டி வச்சிட்டுத்தானே வந்தே?"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. பழகிய சிரிப்பு. சாதுவும் சிரித்தார்.

"ஷிப்ட் மாறும்போது மெஷின் நிக்கற பிரச்சினையைச் சரி பண்ணது யாரு சார்?" என்று அத்தை கேட்டார்.

"நான்தான்." சீஃப் முதல் தடவையாகக் கைப்பேசியைக் கீழே வைத்தார். "ஷிப்ட் முடிஞ்சதும் மெஷின் ஒரு ரிப்போர்ட் அனுப்பும். அன்னிக்கு எத்தனை அடிச்சது, எங்க தடங்கல்னு. ரிப்போர்ட் நீளமானா புரோகிராம் ஓடற இடம், அதான் ஸ்டாக், பத்தல. எல்லாரும் மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. நான் ஒரே வரியில முடிச்சேன். பாருங்க."

தன் மேசைக் கணினியில் ஒரு வரியைத் தட்டினார். பிறகு பிரஸ்ஸின் புரோகிராமை அதிலேயே ஓட்டிக் காட்டினார். மிக நீளமான ரிப்போர்ட் ஒன்று தங்குதடை இல்லாமல் ஓடி முடிந்தது.

"எல்லையை எட்டு மடங்கு தூக்கியாச்சு. இதே புரோகிராமைத்தான் நாலாம் நம்பர்ல ஏத்தினோம். அன்னியோட நிக்கறது நின்னுச்சு. அந்தப் பையன் கையை விட்டதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் அத்தையின் செருப்பு அவர் பாதத்தின் மேல் ஏறி நின்றது. மாப்பிள்ளை திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

பின்வரிசையில் சாது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

*

அடுத்த இரண்டு நாளும் மாப்பிள்ளை மேனேஜரின் அனுமதியோடு நான்காம் எண்ணின் சர்க்யூட் போர்டையும் ஐந்தாம் எண்ணின் போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிண்டினார். வியாழக்கிழமை சாயங்காலம், தொழிற்சாலையின் மாடிப்படியில் அத்தையை உட்காரவைத்துக் கதையைச் சொன்னார்.

"அத்தை, புரோகிராம் ஒரு வேலையை முடிக்காம இன்னொரு வேலைக்குப் போகும். போகும்போது கையில இருக்கறதை அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிட்டுப் போகும். அந்த இடம்தான் ஸ்டாக். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அது ஒரு மைதானம். மெஷின் போர்டுல இருக்கற சிப்புல அது தீப்பெட்டி."

"தீப்பெட்டி நிரம்பினா?"

"பக்கத்து வீட்டுக்குள்ள சரியும். பக்கத்து வீட்ல என்ன இருக்கோ, அதை அழிச்சிட்டு உக்காந்துக்கும்."

"இங்க பக்கத்து வீட்ல யாரு?"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "கை இருக்கா இல்லையாங்கற குறிப்பு அத்தை. ஒண்ணுன்னா கை இருக்கு. சைபர்னா கை இல்லை. நீளமான ரிப்போர்ட் ஓடும்போது ஸ்டாக் சரிஞ்சு அது மேல விழுது. ஒண்ணு சைபராயிடுது. பச்சை எரியுது. மெஷின் இறங்குது."

கீழே ஏதோ ஓர் இயந்திரம் இறங்கி ஏறியது. 

"அதனாலதான் ஷிப்ட் மாறும்போது," என்றார் அத்தை. "அவசரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரிப்போர்ட் போற நேரம் அது. சரி, சீஃப் எட்டு மடங்கு ஆக்கினேங்கறாரே?"

"ஆக்கினாரு. எங்க? அவர் மேஜையில! இந்த வேலையில எழுதற கம்ப்யூட்டர் வேற, ஓடற சிப்பு வேற. அவர் தட்டின வரி அவரோட கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் பொருந்தும். சிப்புக்கு எவ்வளவு இடம்னு சொல்ற கோப்பு தனியா இருக்கு. அதுல ஒரே ஒரு நம்பரை மாத்தணும். அதை யாரும் தொடல. மாமனாருக்குத் தொப்பை போட்டுடுச்சுன்னு மாப்பிள்ளை பேன்ட்டைப் பிரிச்சுத் தச்ச கதை."

"உங்க மாமனார் தொப்பையை விடுங்க. இடம் பத்தலைன்னா அதுக்கப்புறமும் நின்னிருக்கணுமே. ஏன் நிக்கல?"

"இப்பத்தான் சரியான வாசலுக்கு வந்தீங்க." மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அஞ்சாம் நம்பர் போர்டுல, தீப்பெட்டிக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரு காவல்காரன் இருக்கான். ஒரு எண்தான். அந்த எண் அழிஞ்சுதுன்னா ஸ்டாக் எல்லை மீறிடுச்சுன்னு அர்த்தம். உடனே மெஷினை நிறுத்திடுவான். அவங்க மக்கர்னு சொன்னாங்களே, அது அவன்தான். நாலாம் நம்பர்ல காவல்காரனைக் காணோம். அந்தப் புதுப் புரோகிராம் ஏத்தின அன்னிக்கே எடுத்துட்டாங்க. தெரியாம விழற விஷயம் இல்ல அத்தை. உக்காந்து எடுக்கணும்."

"யாரு எடுத்தது?"

"அந்தக் கோப்பைத் திறக்கறவங்க ரெண்டே பேரு. சீஃப், சாது. ரெண்டு பேருக்கும் ஒரே லாகின். பாஸ்வேர்டை மானிட்டர் மேலயே ஒட்டி வச்சிருக்காங்க, விருந்தாளிங்க சிரமப்படக் கூடாதுன்னு. கேட்டா ரெண்டு பேரும் ‘நான் இல்லை’ங்கறாங்க."

அத்தை முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். "அப்ப கேள்வி ஒண்ணுதான். சீஃப் தன் வேலை பலிச்சுதுன்னு நிஜமாவே நம்பறாரா? நம்பினா அவரு முட்டாள், அவ்வளவுதான். நம்பாம நடிச்சா, காவல்காரனை எடுத்தது அவரு."

"முட்டாளா அயோக்கியனான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சட்டை போடறாங்க."

"காவல்காரனை எடுத்தவனுக்கு அந்த மெஷின் கடிக்கும்னு தெரியும் மாப்பிள்ளை. கடிக்கும்னு தெரிஞ்ச நாய் வாயில எவனும் கை வைக்க மாட்டான்."

மாப்பிள்ளைக்குப் புரிய இரண்டு படிகள் ஆயின. மூன்றாம் படியில் நின்றார். "ஐயோ அத்தை."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அந்தப் பொண்ணு எவன் கையையாவது எடுக்கத்தான் போகுது. நாம முந்திக்கணும். மெஷினுக்கு எண்ணெய் போற குழாயில வால்வு இருக்காம். மூடிட்டா என்ன ஆணை வந்தாலும் இறங்காதாம். பராமரிப்பு ஆள் சொன்னாரு. நாளைக்கு மத்தியானம் யாருக்கும் தெரியாம அதை மூடறது உங்க பொறுப்பு."

*

நான்காம் எண்ணைத் திரும்ப ஓட்ட மேனேஜர் தவித்துக்கொண்டிருந்தார். பாதிக்கப்பட்டவரின் குடும்பம் முன்னிலையில் ஒரு சோதனை, அதோடு எல்லாம் முடிந்தது என்று அத்தை சொன்னதும், அவர் உடனே தலையாட்டிவிட்டார்.

காலையிலிருந்து மாப்பிள்ளை நான்காம் எண்ணின் பக்கவாட்டுத் தடுப்புக் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு தடங்கல் பதிவாகும். தடங்கல் கூடக் கூட, ஷிப்ட் முடிவில் போகும் ரிப்போர்ட் நீளும். சாது அருகில் லேப்டாப்போடு நின்று, எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு முறை குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

ஷிப்ட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இயந்திரத்தைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்கள்: மேனேஜர், சீஃப், சாது, அத்தை, மாப்பிள்ளை, அக்கா. அக்கா சீஃபின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வலது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், துணியில் எங்கே வெட்டுவது என்று கோடு போடுகிறவளைப் போல.

"மெஷின் பத்திரம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்," என்றார் அத்தை. "கையெழுத்து பாத்துட்டோம். கையை வச்சுக் காட்டுவீங்களா? ரிப்போர்ட் போற நேரத்துல."

மேனேஜர் பதறினார். "மேடம், இது என்ன..."

சீஃப் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் உதட்டில் இருந்தது அலட்சியம். "நான் எழுதினதை நானே நம்பலைன்னா யாரு நம்புவா? வைக்கிறேன். ஆனா சீக்கிரம் முடியணும். எனக்கு மீட்டிங் இருக்கு."

சட்டைக் கையை மடித்துவிட்டு, வலது கையை உள்ளே வைத்தார். அதன்பிறகே மாப்பிள்ளை இயந்திரத்தை ஓட்டத்தில் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. கை இருக்கு.

மாப்பிள்ளைக்கு அந்த நிமிடம்தான் ஒரு சந்தேகம் வந்தது. பராமரிப்பு ஆள் 'வலது பக்க வால்வு' என்று சொல்லியிருந்தார். இயந்திரத்துக்கு வலதா, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு வலதா? மத்தியானம் அது தெளிவாக இருந்தது. இப்போது தெளிவாக இல்லை. அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. சீஃபையும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் ஓரக்கண்ணில் சாது தெரிந்தார். பிரஸ் மேடையின் ஓரத்தில் இருந்த லேப்டாப்பை மூடி, தன் பக்கமாக ஒரு முழம் இழுத்துவைத்துக்கொண்டு, தானும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இந்த நேரத்திலும் சாமான் ஒழுங்கு பார்க்கிறாரே என்று மாப்பிள்ளை வியந்தார்.

ஷிப்ட் மணி அடித்தது.

இயந்திரம் ரிப்போர்ட்டை அனுப்பத் தொடங்கியது. சிறிய திரையில் வரிகள் ஏறின. பத்து, இருபது, நாற்பது. சீஃப் மறுகையால் கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தார்.

சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது.

கை இல்லை.

மோட்டார் உறுமியது. சீஃபின் கைக்கு மேலே இரும்பு ஒரு முறை நடுங்கியது. நடுங்கிய இடத்திலேயே நின்றது. 'டக், டக்' என்று ஆணை மட்டும் வந்துகொண்டே இருந்தது, பூட்டிய கதவைத் தட்டுவதைப் போல.

சீஃப் பச்சை விளக்கைப் பார்த்தார். உள்ளே இருந்த தன் கையைப் பார்த்தார். கையை வெளியே எடுத்தது அவர் அல்ல, மேனேஜர். சீஃப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்... சரி பண்ணேனே," என்றார்.

"உங்க மேஜையைச் சரி பண்ணீங்க," என்றார் அத்தை. மருமகன் பக்கம் திரும்பாமலே, "எந்த வால்வை மாப்பிள்ளை மூடினீங்க?" என்று கேட்டார்.

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் ஞாபகமே வந்தது. "ரெண்டையும் மூடிட்டேன் அத்தை. உங்க பொண்ணோட வாழ்ந்து கத்துக்கிட்டது."

அக்கா சீஃபை நோக்கி ஒரு அடி வைத்தாள். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"இவர் இல்லம்மா. பச்சை எரியும்னு தெரிஞ்சவன் உள்ள கையை வச்சிட்டு மீட்டிங்குக்கு நேரம் பாக்க மாட்டான். இவரு முட்டாள்." பிறகு மெதுவாகத் திரும்பினார். "லேப்டாப்பை ஏன் சார் பின்னால இழுத்தீங்க?"

சாது சிரிக்க முயன்றார். "தூசி மேடம்."

"காலையிலேருந்து அங்கதானே இருந்துச்சு, அப்ப இல்லாத தூசியா? ரத்தம் தெறிக்கும்னு இழுத்தீங்க. நாங்க எல்லாரும் அவர் கையைப் பாத்துக்கிட்டு இருந்தோம். என்ன ஆகும்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. அதனால உங்க சாமானைப் பாத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ‘சார், கையை எடுங்க’. வாயைத் திறக்கல."

கூடத்தில் மற்ற இயந்திரங்கள் ஷிப்ட் மாற நின்றிருந்தன. அந்த அமைதியில் அக்காவின் குரல் தனியாகக் கேட்டது.

"மேடம். ஒரு சத்தியத்தை உடைக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்த நல்ல மனுஷர் இவர்தான்."

"நினைச்சேன்," என்றார் அத்தை. "கத்தியைத் தயார் பண்ணிட்டாரு. பிடிக்கறதுக்கு ஒரு கை தேடினாரு. உங்க கை கிடைச்சுது."

சாது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. குரல் அப்போதும் உயரவில்லை.

"அந்த நம்பரை மாத்தணும்னு நான்தான் முதல்ல சொன்னேன். சிப்புக்கான கோப்புல, ஒரே நம்பர். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சிரிச்சாரு. ‘ஏத்தற வேலைக்கு எதுக்குடா மூளை, வாசல்ல கழட்டி வச்சிட்டு வா’ன்னாரு. அன்னிலேருந்து தினமும் அதேதான். நேத்து வந்தவன்கூடச் சிரிக்கிறான். என் பொண்ணு ஒரு நாள் ஆபீசுக்கு வந்தா. அவ முன்னாடியும் கேட்டாரு. சரின்னு கழட்டி வச்சேன். அவர் குடுத்ததை மட்டும் ஏத்தினேன்."

"காவல்காரனை எடுக்கச் சொன்னாரா?" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல. அது இருந்தா மெஷின் மறுநாளே நின்னிருக்கும். அவர் தோத்தது உடனே தெரிஞ்சிருக்கும், வேற யாராவது சரி பண்ணியிருப்பாங்க. அவர் ஜெயிச்சிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லணும். அப்புறம் விழணும். மெஷின் உடையும்னு நினைச்சேன். கை வரும்னு நினைக்கல." அக்காவைப் பார்த்தார். "உங்க தம்பிமேல எனக்கு ஒரு கோபமும் இல்லக்கா."

"தெரியும்," என்றாள் அக்கா. "அவனை நீ மனுஷனாவே கணக்குல வைக்கல."

அவள் இயந்திரத்தின் அருகே போய் நின்றாள். பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"கையை வை."

சாது பச்சை விளக்கைப் பார்த்தார்.

"வால்வை மூடியாச்சு, இறங்காதுன்னு இப்பத்தானே பாத்தே? வை. நான் தொடமாட்டேன். யாரும் தொடமாட்டாங்க."

சாது ஒரு அடி முன்னால் வந்தார். கையைத் தூக்கினார். ஒளித்திரை இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்பே அந்தக் கை நின்றுவிட்டது. இன்னும் ஒரு முறை முயன்றார். முடியவில்லை. கையை நெஞ்சோடு இழுத்து வைத்துக்கொண்டார்.

"இறங்காதுன்னு தெரிஞ்சே உன்னால முடியல," என்றாள் அக்கா. "என் தம்பி தினமும் வச்சான். நீ ஏத்தினதை நம்பி."

மேனேஜர் போலீசுக்குப் பேச ஓரமாகப் போனார். அத்தை அக்காவின் பக்கத்தில் போய் நின்று, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "உன் கத்தரிக்கோலைவிட நீளமானது புகார் மனு. ரெண்டு பேரையும் எட்டும்."

"ரெண்டு பேருமா?"

"ஒருத்தன் செஞ்சான். இன்னொருத்தன் மேஜையைச் சரி பண்ணிட்டு மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டான். எந்தக் கையை விடணும்னு தோணுது?"

"எதையும் விடமாட்டேன்," என்றாள் அக்கா.

இருவரும் வெளியே வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் மாப்பிள்ளை வாய் திறந்தார்.

"சாது மிரண்டா காடு கொள்ளாதும்பாங்க அத்தை. இந்த சாது மிரளவே இல்லையே. மழைக்காலத்துலேருந்து காத்துக்கிட்டு இல்ல இருந்திருக்காரு."

"அதனாலதான் சொல்றேன் மாப்பிள்ளை. உங்களை நான் தினமும் திட்டறேன். மனசுல வச்சுக்காம அப்பப்ப திருப்பித் திட்டிடுங்க."

"இப்ப ஆரம்பிக்கலாமா?"

"வண்டியை எடுங்க முதல்ல."

*

விசாரணை அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளியின் அவசரம் என்ற காரணம் புதிய அறிக்கையில் இல்லை. மற்ற ஐந்து இயந்திரங்களில் அந்தப் புரோகிராம் ஏற்றப்படவில்லை. சீஃப் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், அலட்சியத்தால் காயம் விளைவித்ததாக அவர்மீது வழக்குப் பதிவானது. சாது வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்ததாகக் கைது செய்யப்பட்டார்.

அவருடைய ஜாமீன் மனு ஏப்ரலில் விசாரணைக்கு வந்தது. அக்கா நேரில் வந்து ஆட்சேபம் தெரிவித்தாள். மனு தள்ளுபடி செய்யப்பட்டது.